இருபது நாள் சராசரி

வெள்ளியங்கிரி மதியச் சோறு உண்டுவிட்டு உள்ளறையில் படுத்துக் கண் அசந்ததும், வசந்தாமணி அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, புருஷனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே ஒழிய, கை மவுசுக்குப் போகவில்லை. எதிரே கம்ப்யூட்டர் திரையில் பச்சையும் சிவப்புமாக விலைக்குச்சிகள் வரிசை கட்டி நின்றன. சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. மகன் கிருபாகரன் பெங்களூரிலிருந்து போனில் சொன்னது காதுக்குள்ளேயே குடியிருந்தது. "அம்மா, அப்பா தூங்கறப்பவே மாத்தீருங்க. எல்லாம் நான் செட் பண்ணி வச்சுட்டேன். நெசக் கணக்குல இருந்து வெளிய வந்து, அந்தப் பயிற்சிக் கணக்குக்குள்ள போனாப் போதும். பார்க்க ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். விலையெல்லாம் நெச விலை. வாங்கறதும் விக்கறதும் மட்டும் சும்மா. அப்பாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியாதுங்மா." தெரியாதாம். என்ன சுளுவாகச் சொல்லிவிட்டான். வருஷக்கணக்காக ஒரு மனுஷன் காலையில் குளித்து, விபூதி பூசி, ஆபீசுக்குப் போகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருகிற இடத்தை, அவர் தூங்குகிற நேரம் பார்த்து பொம்மைக் கடையாக்கி வைக்க வேண்டுமாம். அதைச் செய்ய வேண்டியவள் பெண்டாட்டியாம். தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கினால்கூட இவ்வளவு பாவம் சேராது என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் விட ஆள் வரச்சொல்ல வேண்டும். அதைச் சொல்லி எத்தனை நாளாயிற்று? யாரிடம் சொன்னோம்? அவரிடம்தான் சொன்னாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். அவள் அரசாணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவர் சமையக்கட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மிணி, அந்தப் பம்ப் கம்பெனி முழுகிப் போச்சு. ஒரே ராத்திரியில பாதி விலை. பார்த்த கையோட இருந்ததையெல்லாம் தள்ளி விட்டுட்டேன். தப்பிச்சோம் போ!" முகத்தில் அப்படி ஒரு பெருமை. தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தூக்கி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். வசந்தாமணியின் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. பம்ப் கம்பெனி எங்கே முழுகியது? இன்றைக்கு அதற்கு போனஸ் நாள் அல்லவா? வைத்திருக்கிற ஒவ்வொரு ஷேருக்கும் இன்னொரு ஷேர் சும்மா கொடுக்கிறார்கள். ஷேர் ரெண்டு மடங்கானால் விலை பாதியாகத்தானே ஆகும்? பத்து ரூபாய்த் தாளுக்கு ரெண்டு அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்ட கதை. புது ஷேர் கணக்கில் வந்து விழ ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் திரையில் பாதி நட்டம் என்று சிவப்பாகக் காட்டும். நேற்றைக்குச் சந்தைக்கு வந்த சின்னப் பசங்கள்தான் அதைப் பார்த்துப் பதறிப்போய் விற்பார்கள். அந்த போனஸ் அறிவிப்பு வந்த அன்றைக்கு அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தவரே இவர்தானே! பணமாகப் பார்த்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. விற்றது நியாயமான விலைதான், போனஸ் ஷேரும் தானாக வந்துவிடும். ஆனால் போனது பணம் இல்லையே. "நல்லதாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காயை அரிந்தாள். அவர் போனதும் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டிருக்கக் கூடாதோ? கூப்பிடாமல் வேறு என்ன செய்திருக்க முடியும்? இன்றைக்கு போனஸ் ஷேர். நாளைக்கு வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விட்டால்? அய்யோ, அப்படி நினைக்கவே வாய் கூசுகிறது.

போனசைச் சரிவென்று நினைக்கிற அந்தத் தப்பை முதன்முதலில் செய்தவள் அவள்தான். அதை நினைத்ததும், இந்தக் கலவரத்துக்கு நடுவிலும், வசந்தாமணிக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூற்று நாலு. ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரிகிற சந்தில் ஒரு பாத்திரக் கடை, அதற்கு மேல் மாடியில் ஷேர் புரோக்கர் ஆபீஸ். மரப்படி. ஏறும்போதே கீழே எவர்சில்வர் அடுக்குகிற சத்தமும் மேலே ஆட்கள் விலை கத்துகிற சத்தமும் ஒன்றாகக் காதில் விழும். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு அவளை அங்கே வேலைக்கு எடுத்தார்கள். வேலை சார்ட் போடுவது. சாயங்காலம் சந்தை மூடியதும் டெலிபோனில் முடிவு விலைகள் வரும். ஒருத்தர் வாசிக்க வாசிக்க, அவள் கிராப் ஷீட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். அப்புறம் அதன் மேலேயே சிவப்புப் பென்சிலில் இருபது நாள் சராசரிக் கோடு. அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. இருபது விலைகளைத் தினமும் புதிதாகக் கூட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நேற்றைய கூட்டுத்தொகையில் இன்றைய விலையைச் சேர்த்து, கடைசியில் இருக்கிற பழைய விலையைக் கழித்து, இருபதால் வகுத்தால் தீர்ந்தது. புதுசு ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போகும். அந்தக் கணக்கில் அவள் கை அப்படி ஓடும். விலைக்கோடு சராசரிக்கு மேலே வந்தால் மாடியே கலகலக்கும், கீழே போனால் முகங்கள் தொங்கும். அப்படி ஒரு நாள் ஒரு நூல் மில் ஷேருக்கு அவள் புள்ளி வைத்தபோது, கோடு செங்குத்தாகக் கிணற்றில் விழுந்த மாதிரி பாதிக்கு இறங்கிவிட்டது. அவளுக்கு போனஸ் என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாளைச் சுவரில் மாட்டினாள். பார்த்த நாலு பேர் நாளைக்கே விற்றுவிட வேண்டும் என்று குதித்தார்கள். ஒல்லியாக, சட்டைப் பையில் ரெண்டு பென்சில் செருகிக்கொண்டு ஆர்டர் எடுக்கிற ஒருத்தர் இருந்தார், வெள்ளியங்கிரி என்று பேர். அவர் மட்டும் குதிக்கவில்லை. தாளைக் கழற்றிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "ஷேர் விழுகலீங்க அம்மிணி. ரெண்டாப் பிரிஞ்சிருக்குது. பழைய விலையெல்லாம் பாதியாக்கிப் போட்டீங்கன்னா கோடு தானா நேராயிரும்" என்றார். குரலில் ஒரு துளி கேலி இல்லை. அழி ரப்பரை ரெண்டாக வெட்டி ஒரு துண்டை அவர் எடுத்துக்கொண்டார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து அழித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் வந்து சேர்ந்தபோது ரப்பர் தூளை ஊதிவிட ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நெற்றி முட்டிக்கொண்டது. வெளியே மழை. ஆபீசில் வேகவைத்த நிலக்கடலை வாசம். அந்த வாசம் இப்போதும் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்குக் கட்டியிருந்த ஊதாப் பூப்போட்ட சேலைகூட நினைவிருக்கிறது. அந்தச் சேலை என்னவாயிற்று? கிருபாகரனுக்குத் தொட்டில் கட்டினோம். கட்டிக் கட்டியே இற்றுப்போனது.

அவள் அப்பன் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "சூதாடற பையனுக்கு எம் பிள்ளையைக் குடுத்துட்டு நான் ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கறதா?" என்று வாசலில் நின்று கத்தினார். பெண் கேட்டு வந்த மனுஷன் கொஞ்சம்கூட அசரவில்லை. போகிற போக்கில், தண்ணீர்ச் சொம்பை வாங்க வந்தவளிடம், "உங்கப்பாவுக்கு ஆர்.எஸ்.ஐ. எழுபதைத் தாண்டீருச்சு. இனி எறங்கித்தான் ஆகோணும்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சொம்பு கை நழுவப் பார்த்தது. எழுபதைத் தாண்டினால் ஒரு ஷேர் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்றும், முப்பதுக்குக் கீழே போனால் அளவுக்கு மீறி அடிவாங்கிவிட்டது என்றும் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் கத்திக்கொண்டிருந்த அப்பனுக்குத் தெரியாது. சொன்னபடியே அப்பன் இறங்கி வந்தார். கல்யாணமாகி சாயிபாபா காலனி வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தரை முழுக்க கிராப் ஷீட்டுகளைப் பரப்பி ரெண்டு பேரும் சலிப்பார்கள். அதற்குச் சல்லடை என்று அவர் பேர் வைத்திருந்தார். சராசரிக்குக் கீழே இருக்கிறதா, ஓரமாகத் தள்ளு. விலை ஏறியும் வியாபாரம் ஏறவில்லையா, தள்ளு. எழுபதுக்கு மேலா, தள்ளு. தள்ளித் தள்ளிக் கடைசியில் நாலைந்து தாள்தான் மிஞ்சும். தவழ்கிற வயசில் கிருபாகரன் ஒரு நல்ல ஷேரின் மேல் மூத்திரம் பெய்துவிட்டு உட்கார்ந்திருப்பான். "இது எறங்கிப் போயிரும், வேண்டாம்" என்று அவர் அதையும் தள்ளிவிட்டுச் சிரிப்பார். என்ன நாட்கள்! பணம் இல்லை, பிரிட்ஜ் இல்லை, நல்ல படுக்கை இல்லை. ஆனால் அவள் கையில் பென்சில் இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அவள் மூன்று வாரம் குனிந்து போட்ட கோட்டை அது கண் மூடித் திறப்பதற்குள் போட்டது. நாலு நிபந்தனையைத் தட்டினால் நாட்டிலுள்ள அத்தனை கம்பெனிகளையும் சலித்து நாலைந்தை நீட்டியது. அவர் முதலில் அதை வைதார், அப்புறம் அதோடேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சமையக்கட்டுக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இருக்கவும் சொல்லவில்லை. அந்தக் கடுப்பு அவளுக்கு இன்னும் தீரவில்லை. இப்போது நாற்காலி காலியாகப் போகிறது என்றதும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷப்படுகிறோமா? சீ, கருமம். அப்படி இல்லை. அப்படி இருந்தால் இந்தக் கை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது?

ஒரு நாள் விலையை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது என்று அவர்தான் ஓயாமல் சொல்வார். பொய்ச் சமிக்ஞை நிறைய வரும், கோடு ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்துவிட்டு மறுநாளே மேலே ஏறிவிடும், பதறியவன் கெட்டான் என்பார். சரி, அப்படியே பார்ப்போம் என்று வசந்தாமணி மனசுக்குள் ஒரு தாளை விரித்தாள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு அதே காலையில் மறுபடியும் சொன்னார். அது யாருக்கும் வரும், தள்ளு. கோனியம்மன் கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது வழி தெரியாமல் உக்கடத்தில் நின்றுகொண்டு போன் செய்தார். பாலம் கட்டி ரோட்டையே மாற்றிவிட்டார்களே, அவளுக்கே அங்கே போனால் திசை தெரிவதில்லை, தள்ளு. கிருபாகரனை, செத்துப்போன தன் தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே முகஜாடை, தள்ளு. மின்விசிறிக்கு எண்ணெய் விட ஆளைக் கூப்பிடச் சொன்னாள், தலையாட்டினார், மறந்துவிட்டார். எந்தப் புருஷன்தான் மறக்கவில்லை, தள்ளு. பொங்கலன்றைக்குக் குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அதை எங்கே தள்ளுவது? தள்ளித் தள்ளி இவ்வளவு நாள் ஓட்டியாயிற்று. காலையில் நடந்ததைத் தள்ள இடமே இல்லை. அதிலும் ஒரு வேடிக்கை. தொண்ணூற்று நாலில் மழை பெய்த சாயங்காலத்தில் நிலக்கடலை என்ன விலை விற்றது என்று கேளுங்கள், பட்டென்று சொல்வார். அந்த நூல் மில் ஷேரின் முடிவு விலையைப் பைசாவோடு சொல்வார். நேற்று ராத்திரி தோசையா, இட்லியா என்றால் அவள் முகத்தைப் பார்ப்பார். அந்த மாடியில் போட்ட கணக்கு இப்போது அவர் தலைக்குள் தலைகீழாக நடக்கிறது. பழசு ஒன்றும் கழிய மாட்டேன் என்கிறது, புதுசு ஒன்றும் உள்ளே வந்து சேர மாட்டேன் என்கிறது. அப்படியானால் ஒரு நாள் சராசரி எங்கே வந்து நிற்கும்? ஊதாச் சேலை கட்டிய பெண்ணை அவருக்குத் தெரியும், எதிரே நரைத்த தலையோடு காப்பி நீட்டுகிற கிழவியைத் தெரியாது என்றாகுமா? "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்பாரா? வசந்தாமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுதால் மூக்கு உறிஞ்சுகிற சத்தத்துக்கு அவர் விழித்துவிடுவார்.

போன் மேசையில் அதிர்ந்தது. கிருபாகரன் வெறும் கேள்விக்குறி ஒன்றை அனுப்பியிருந்தான். அவனுக்கென்ன, அங்கே உட்கார்ந்துகொண்டு கேள்விக்குறி போடுவான். ஆனால் அவனும் போனில் குரல் உடைந்துதானே பேசினான்? பயலை மட்டும் வைது என்ன ஆகப் போகிறது. வசந்தாமணி மவுசைப் பிடித்தாள். பென்சில் பிடித்த விரல்தான். நெசக் கணக்கிலிருந்து வெளியே வந்தாள். திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. மகன் எழுதி அனுப்பிய பேரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். உள்ளே போனது. அச்சு அசலாக அதே திரை, அதே குச்சிகள், அதே சராசரிக் கோடுகள். அவர் வைத்திருக்கிற ஷேர்களைக்கூட அப்படியே எழுதி வைத்திருந்தான் கெட்டிக்காரன். காலையில் விற்ற பம்ப் கம்பெனியை மறக்காமல் எடுத்தும் விட்டிருந்தான். அவ்வளவுதான். முப்பது வருஷம் அவ்வளவுதான். எழுந்து நாற்காலியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, காப்பி வைக்கப் போனாள். பால் பொங்குகிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளியங்கிரி எழுந்து முகம் கழுவி, துண்டால் துடைத்தபடி வந்தார். தூங்கி எழுந்ததில் முகம் தெளிவாக இருந்தது. அது அவளை இன்னும் வாட்டியது. "மூடறதுக்குள்ள ஒருக்காச் சலிச்சுப் பார்த்தர்றேன்" என்று உட்கார்ந்தார். காப்பியை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே நின்றாள். அவர் தன் சல்லடைக்கான நிபந்தனைகளைத் தட்டினார். நீண்ட நாள் சராசரிக்கு மேலே, ஆர்.எஸ்.ஐ. அறுபதுக்குள், வியாபாரம் வழக்கத்தைப் போல் ரெண்டு மடங்கு. ஒரு எழுத்துப் பிசகவில்லை, ஒரு இடத்தில் தயங்கவில்லை. அடி பாவி, அவசரப்பட்டுவிட்டாயே என்று அவள் உள்ளுக்குள் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். நாலு கம்பெனிப் பேர்கள் வந்தன. அதில் ஒரு சின்ன வார்ப்படக் கம்பெனி. நாளெல்லாம் காத்திருந்தாலும் ஐம்பது, நூறு என்று சொட்டுச் சொட்டாகத்தான் கைமாறும் சோம்பேறி ஷேர் அது. அதில் ரெண்டாயிரம் வாங்க ஆர்டர் போட்டார். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள், மொத்தமும், ஒரே விலையில் வாங்கியாயிற்று என்று திரை சொன்னது. வெள்ளியங்கிரி காப்பியை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினார். இன்னொரு ரெண்டாயிரம் போட்டார். அதுவும் உடனே, அதே விலையில், மொத்தமும். அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்துகொண்டார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"இந்த ஷேர்ல நாலாயிரத்தை ஒரே மூச்சுல எவனும் தர மாட்டான். கேக்கக் கேக்க விலை ஏறோணும். இது ஏறவே இல்ல." திரையைப் பார்த்தபடியே கேட்டார். "இது நெசமில்லதான?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். முடியவில்லை. "இல்லீங்க. நான்தாங்க மாத்துனேன். நீங்க தூங்கறப்ப. புத்தி கெட்டுப் போய்ப் பண்ணீட்டேன். இருங்க, இப்பவே திருப்பி மாத்தீர்றேன்" என்று அழுகையோடு மவுசை எடுக்கப் போனாள். அவர் அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். காப்பித் தம்ளரைத் தொட்ட கை, சூடாக இருந்தது.

"காலையில பம்ப் கம்பெனியை வித்தேன் பாரு. உங்கிட்டப் பெருமையாச் சொல்லீட்டு வந்து உக்காந்தப்பறம்தான், அட, இன்னிக்கு போனசாச்சேன்னு தெரிஞ்சுது. சொல்றதுக்குத்தான் மறுக்கா சமையக்கட்டுக்கு வந்தேன். நீ பின்கட்டுல நின்னு போன்ல அழுதுட்டிருந்தே. சத்தங்காட்டாமத் திரும்பிப் போயிட்டேன்." காப்பித் தம்ளரை ஓரமாக நகர்த்தினார். "இது மொதத் தடவை இல்ல அம்மிணி. முன்னாடியும் ரெண்டு மூணு தப்பு. நீ பார்க்கறதுக்குள்ள சரி பண்ணீருவேன்."

மேசையில் போன் மறுபடியும் அதிர்ந்தது, கிருபாகரன்தான். அவள் எடுக்கப் போனாள். வெள்ளியங்கிரி பிடித்த கையை விடவில்லை.

"நான் கண்டுபுடிச்சேன்னு அவங்கிட்டச் சொல்லீராத. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் தெளிவாத்தான் இருக்கறாருன்னு நெசக் கணக்கையே திருப்பிக் குடுத்துருவான். எனக்கு வேண்டாம் தாயி. அதைத் தொறக்கறப்பவெல்லாம் கை நடுங்குது. பயமா இருக்குது."